டைம்ஷேர் வாங்கலாமா, ஹோட்டலிலேயே தங்கிக்கொள்ளலாமா?

ஏப்ரல் 6, வாசகர் கேள்வி

அக்கா, நாங்கள் நான்கு பேர், கூட அம்மா. வருடத்துக்கு ஒரு தடவை ஒரு வாரம் எங்காவது போய்வருவோம். ஒவ்வொரு முறையும் இரண்டு அறை எடுக்க வேண்டியிருக்கிறது. போன வாரம் ஒரு டைம்ஷேர் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள், போனோம். ரிசார்ட்டில் வருடாவருடம் தங்கும் உரிமையை முன்கூட்டியே விலைக்கு வாங்குவதாம். 25 வருடம், வருடத்துக்கு ஒரு வாரம், எந்த ஊரிலும் தங்கலாம், ஹோட்டலுக்குக் கொட்டுவதைவிட மிச்சம் என்கிறார்கள். கணக்கு சரியாகத்தான் தெரிகிறது. மனைவிக்குச் சந்தேகம். நீங்கள் இதுமாதிரி கூட்டத்துக்குப் போனதாக முன்பு எழுதியிருந்தீர்கள். வாங்கலாமா?

ஏப்ரல் 6, இரவு

போனேன் தம்பி. ஒன்றல்ல, மூன்று கூட்டம். முதல் கூட்டத்துக்கு இலவசப் பயணப் பெட்டிக்காக, இரண்டாவதற்கு இலவசத் தங்கலுக்காக, மூன்றாவதற்குப் புத்தி இல்லாததால்.

90 நிமிடம் என்பார்கள், நாலு மணி நேரம் ஆகும். கணவன் மனைவி இருவரும் வந்தே ஆகவேண்டும். "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று ஒருவரும் நழுவிவிடக் கூடாதே. பிள்ளைகளுக்கு மூலையில் ஒரு கலர் பென்சில் மேசை. நம்மோடு உட்காரும் பையன் நல்ல பையனாகத்தான் இருப்பான், நம் பிள்ளைகளின் பெயரைக்கூடச் சரியாகச் சொல்வான். நாம் வேண்டாம் என்றதும் "மேலாளர்" வருவார், விலை குறையும். அவரிடமும் வேண்டாம் என்றால், பெட்டியை வாங்கப் போகும் வழியில் மூன்றாவதாக ஒருவர் இருப்பார். அவரிடம் சின்னதாக ஒரு "சோதனைத் திட்டம்" இருக்கும். நடுநடுவே யாரோ வாங்கிவிட்டார்கள் என்று அறை முழுக்கக் கைதட்டுவார்கள். அந்தக் கைதட்டலில் என் கணவர் பேனாவைத் திறந்துவிட்டார். மேசைக்கு அடியில் காலை மிதித்தேன், மூடினார்.

சரி, கணக்கு. எந்த நாணயத்திலும் சொல்லப்போவதில்லை, ஊருக்கு ஊர் மாறும். நீங்கள் வழக்கமாகத் தங்கும் பட்ஜெட் ஹோட்டலில் ஓர் அறைக்கு ஓர் இரவு வாடகை 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு அறை, ஏழு இரவு, வருடத்துக்கு 14. இருபத்தைந்து வருடத்துக்கு 350.

டைம்ஷேருக்கு முதல் விலை 200, வருடப் பராமரிப்புக் கட்டணம் 5 என்று வையுங்கள். இது நான் உதாரணத்துக்கு வைத்த எண், உங்கள் தாளில் இருப்பதைப் போட்டுக்கொள்ளுங்கள். 200 கூட்டல் 125, மொத்தம் 325. மிச்சம் 25. அதாவது கால் நூற்றாண்டு கட்டுப்பட்டுக் கிடந்தால் வருடத்துக்கு ஓர் அறை, ஓர் இரவு மிச்சம்.

கூட்டத்தில் இப்படிக் காட்டமாட்டார்கள். ஹோட்டல் வாடகை வருடாவருடம் 8 சதவீதம் ஏறும், பராமரிப்பு அப்படியே நிற்கும் என்று போடுவார்கள். அப்போது ஹோட்டல் 1,023 ஆகிவிடும், டைம்ஷேர் அதே 325. அந்தத் திரையைப் பார்த்தால் யாருக்கும் கை பேனாவுக்குத்தான் போகும். ஹோட்டல் சுவருக்கு மட்டும் பெயின்ட் விலை ஏறுமாம், ரிசார்ட் சுவருக்கு ஏறாதாம்.

ஏப்ரல் 7

நேற்று எழுதியதில் ஒரு தப்பு. "இரண்டு அறைக்குப் பதில் ஒரு யூனிட்" (ரிசார்ட்டில் நமக்குத் தரும் சின்ன வீடு) என்று எடுத்துக்கொண்டேன். நீங்கள் ஐந்து பேர். ஒரு படுக்கையறை யூனிட் பெரும்பாலும் நான்கு பேருக்குத்தான்.

ஒருவர் வாரத்தை இன்னொருவர் வாரத்தோடு மாற்றித்தரும் பரிமாற்ற நிறுவனங்கள் யூனிட்டின் அளவை 4/2, 6/4 என்று இரண்டு எண்களில் எழுதும். முதல் எண் எத்தனை பேர் படுக்கலாம் என்பது. இரண்டாவது எத்தனை பேர் கதவைச் சாத்திக்கொண்டு படுக்கலாம் என்பது. 4/2 என்றால் இருவருக்கு அறை, இருவருக்கு ஹாலில் சோபாவை விரித்தால் வரும் கட்டில். அந்தக் கட்டிலில் நான் ஐந்து இரவு படுத்திருக்கிறேன். நடுவில் ஒரு கம்பி ஓடும். முதுகில் எந்த இடத்தில் அது படும் என்று இன்றைக்கும் காட்டுவேன்.

உங்கள் அம்மா சோபாவிலா, நீங்களா? இதை முடிவு செய்த பிறகு விலையைப் பாருங்கள். அம்மாவுக்குத் தனிக் கதவு வேண்டுமென்றால் இரண்டு படுக்கையறை எடுக்க வேண்டும். 200 என்று நான் வைத்தது அங்கே நிற்காது.

ஏப்ரல் 9, காலை

தம்பி, தனிமடலில் எழுதியதைப் படித்தேன். மார்ச் 31 அன்றே கையெழுத்துப் போட்டு, கார்டில் முன்பணமும் கட்டிவிட்டீர்களாம்! இதை முதல் வரியில் சொல்லியிருக்க வேண்டாமா? நான் இங்கே சோபாக் கம்பியைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மற்றதெல்லாம் கிடக்கட்டும். ஒப்பந்தத்தை எடுத்து, ரத்துசெய்யும் காலம் எத்தனை நாள் என்று பாருங்கள். பல நாடுகளில் டைம்ஷேருக்கென்றே இப்படி ஒரு காலம் சட்டத்தில் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008ஆம் வருட வழிகாட்டுச் சட்டத்தில் 14 நாள். அந்த நாட்களுக்குள் முன்பணம் வாங்குவதே அங்கே தடை. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் 10 நாள், கையெழுத்திட்ட நாள், தாள்களெல்லாம் கைக்கு வந்த நாள், இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்து. காரணம் சொல்ல வேண்டியதில்லை. மனம் மாறிவிட்டது, அவ்வளவுதான்.

ரத்துசெய்வது பற்றிய தாள் முதல் பக்கத்தில் இருக்காது. கொடுத்த ஃபைலின் பின்னட்டைப் பையில் செருகியிருக்கலாம், பென்டிரைவில் போட்டுக் கொடுத்திருக்கலாம். தேடுங்கள்.

போன் செய்து சொல்லாதீர்கள். அவர்கள் அன்பாகப் பேசி "திங்கள்கிழமை மேலாளர் கூப்பிடுவார்" என்பார்கள், திங்கள்கிழமைக்குள் நாள் போய்விடும். எழுத்தில் கொடுங்கள். எந்த முகவரிக்கு, எந்த வழியில் அனுப்ப வேண்டும் என்று ஒப்பந்தம் சொல்கிறதோ அப்படியே அனுப்புங்கள். பதிவுத் தபால் என்றால் பதிவுத் தபால்தான், மின்னஞ்சல் கூடுதலாக இருக்கட்டும். ஒப்பந்த எண், தேதி, இருவர் கையெழுத்து. "இந்த ஒப்பந்தத்தை ரத்துசெய்கிறோம்" என்று ஒரே வரி போதும். மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம். ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

ஏப்ரல் 9, மாலை

உங்கள் ஒப்பந்தத்தில் பத்து நாள் என்றா இருக்கிறது? கையெழுத்திட்ட மறுநாளிலிருந்து எண்ணினால் நாளையோடு முடிகிறது. நாளை காலை தபால் நிலையம் திறக்கும்போது வாசலில் நில்லுங்கள்.

ஏப்ரல் 10

தம்பி அனுப்பிவிட்டாராம். 11 மணி 20 நிமிட ரசீது. மனைவிதான் வண்டி ஓட்டினாராம். அவர் சந்தேகத்துக்கு என் வணக்கம்.

ஏப்ரல் 13

என் கணக்கை ஒருவர் பிய்த்துப் போட்டுவிட்டார். சரியாகத்தான் பிய்த்திருக்கிறார். எல்லா வருடத்துக்கும் ஒரே வாடகை, ஒரே பராமரிப்பு என்று நானும் கூட்டியிருக்கிறேன். விற்பவரைக் கிண்டல் செய்துவிட்டு அதே வேலையைச் செய்திருக்கிறேன்.

மறுபடி. பராமரிப்பு வருடம் 6 சதவீதம் ஏறட்டும். 25 வருடத்தில் அது மட்டும் 274. முதல் விலையோடு 474. ஹோட்டல் வருடம் 4 சதவீதம் ஏறட்டும், மொத்தம் 583. ஒத்துக்கொள்கிறேன், டைம்ஷேர்தான் ஜெயிக்கிறது, நூறுக்கு மேல் வித்தியாசத்தில்.

ஆனால் அந்த 200ஐ யார் கையில் வைத்திருக்கிறார்கள்? அங்கேயே கடன் கொடுப்பார்கள். 14 சதவீத வட்டியில் ஐந்து வருடத் தவணை என்றால் 200 என்பது 279 ஆகிறது. மொத்தம் 553. ஹோட்டலோடு வித்தியாசம் 30 மட்டும்.

கையில் ரொக்கமாகவே இருக்கிறது என்றால்? அதைக் கொடுக்காமல் 6 சதவீத வட்டிக்குப் போட்டுவையுங்கள். முதல் வருடம் 10.5 எடுங்கள், அப்புறம் வருடாவருடம் 4 சதவீதம் கூட்டிக்கொண்டே எடுங்கள். இருபத்தைந்தாவது வருடம் சரியாகத் தீரும். அதோடு கட்டாமல் தப்பித்த பராமரிப்பு 5. ஆக 15.5. ஹோட்டலுக்கு வேண்டியது 14. போட்ட பணமே உங்களை ஹோட்டலில் தங்கவைத்து, மேலே கொஞ்சம் கையிலும் தருகிறது.

இவ்வளவும் ஒரு வருடம்கூட விடாமல் போனால். யாருக்காவது உடம்பு சரியில்லாத வருடம், வேலை மாறிய வருடம், பொதுத்தேர்வு வருடம் என்று வரும். அந்த வருடம் ஹோட்டலுக்கு நாம் எதுவும் தர வேண்டாம். டைம்ஷேருக்குப் பராமரிப்பு கட்டித்தான் ஆகவேண்டும். கூரை மாற்றினோம், லிஃப்ட் மாற்றினோம் என்று சிறப்பு வசூல் வந்தால் அதையும்.

ஏப்ரல் 19

"எந்த ஊரிலும் தங்கலாம்" என்கிறார்களே அது பொய்யா என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். பொய்யில்லை. கிடைத்தால் தங்கலாம்.

1960களில் ஐரோப்பாவில் ஆரம்பித்த விஷயம் இது. ஸ்விட்சர்லாந்தின் ஹாபிமாக் நிறுவனம் 1963ல் தொடங்கியது. அப்புறம் அமெரிக்காவுக்குப் போய்ப் பெருகியது. அங்கே மக்களுக்குச் சீக்கிரமே ஒன்று புரிந்தது: ஒரே இடத்துக்கு எத்தனை வருடம்தான் போவது? அதற்காக வந்தவைதான் பரிமாற்ற நிறுவனங்கள். ஆர்சிஐ 1974ல், இன்டர்வல் இன்டர்நேஷனல் 1976ல். உங்கள் வாரத்தை அங்கே போட்டுவிட்டு வேறொருவர் போட்ட வாரத்தை எடுத்துக்கொள்ளலாம். அதற்கு வருடச் சந்தா தனி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் கட்டணம் தனி. என் 5ல் இதைச் சேர்க்கவில்லை, கவனிக்கவும்.

மாற்று என்றால் சமமான மாற்று. ஆர்சிஐ வாரங்களுக்கு நிறம் கொடுத்திருந்தது: எல்லாரும் அடித்துக்கொள்ளும் காலம் சிவப்பு, நடுத்தரம் வெள்ளை, ஆள் வராத காலம் நீலம். நீல வாரத்தை வைத்துக்கொண்டு சிவப்பு வாரத்தைக் கேட்டால் வரிசையில் நிற்க வேண்டியதுதான். இப்போது பல இடங்களில் நிறம் போய்ப் பாயின்ட் வந்துவிட்டது. பெயர்தான் மாறியிருக்கிறது. சிவப்பு வாரத்துக்குப் பாயின்ட் அதிகம், அவ்வளவுதான்.

வருடத்துக்கு 52 வாரம். பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அதில் பள்ளி விடுமுறை எத்தனை வாரம் என்று விரல்விட்டு எண்ணுங்கள். பிள்ளைகள் உள்ள மற்ற எல்லா வீட்டுக்கும் அதே வாரங்கள்தான். குறிப்பிட்ட வாரம் உங்கள் பெயரில் எழுதப்பட்டிருந்தால் கவலையில்லை. எந்த வாரம் என்று எழுதாத "மிதக்கும் வாரம்" என்றால் முந்திப் பதியும் பந்தயம்தான்.

எங்கள் நாத்தனாரிடம் ஒரு டைம்ஷேர் இருக்கிறது. அவர்களுக்குரிய வாரத்தில் நாங்களும் ஒரு தடவை போனோம், பிள்ளைகளுக்குப் பள்ளியில் நான்கு நாள் லீவு சொல்லிவிட்டு. சோபாக் கம்பி அங்கேதான்.

ஏப்ரல் 20

பந்தயம் என்று எழுதினேன், எவ்வளவு முன்னால் ஓட வேண்டும் என்று எழுதவில்லை. 1991ல் தொடங்கிய டிஸ்னியின் டைம்ஷேர் திட்டத்தில், நீங்கள் வாங்கிய ரிசார்ட்டுக்கு 11 மாதம் முன்னால் பதிவு திறக்கும், அவர்களுடைய மற்ற ரிசார்ட்டுகளுக்கு 7 மாதம் முன்னால். பதினோரு மாதம் கழித்து எனக்கு எந்த வாரம் லீவு கிடைக்கும் என்று என் அலுவலகத்தில் கேட்டால் சிரிப்பார்கள். ஹோட்டலை நான் முந்தின வாரம்கூடப் பிடித்திருக்கிறேன். நல்ல அறை கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

மே 2

ஹோட்டல் பக்கம் சாய்ந்தே எழுதுகிறேன் என்று ஒருவர் குறைப்பட்டிருக்கிறார். நியாயம்தான். நல்ல அறை கிடைக்கவில்லை என்றேனே, அந்தக் கதையையே சொல்கிறேன்.

இரண்டு அறை பதிவு செய்தேன். போனால் ஒன்று இரண்டாம் மாடியில், இன்னொன்று ஐந்தாம் மாடியில். கணவருடன் பையன், என்னுடன் பெண், அத்தை (என் மாமியார்) எங்கே என்று மாடிப்படியில் நின்று பஞ்சாயத்து. பையனுக்கு அப்போது மூன்று வயது. ராத்திரி பதினோரு மணிக்கு அம்மா வேண்டும் என்று அழ, அவர் அவனைத் தூக்கிக்கொண்டு லிஃப்டில் மேலே வர, பெண் விழித்துக்கொள்ள, கடைசியில் ஒரே கட்டிலில் நான்கு பேர். ஐந்தாம் மாடியில் அந்த நிலைமை. இரண்டாம் மாடி அறையில் அத்தை மட்டும் ராணி மாதிரி தூங்கினார். நனைந்த துணியைக் காயவைக்க இடமில்லாமல் ஏசிக்குக் கீழே நாற்காலி போட்டு அதன்மேல் போர்த்தினோம். பால் காய்ச்சக் கெட்டில்கூட இல்லை. படத்தில் இருந்த நீச்சல்குளம் இருந்தது, தண்ணீர் இல்லை. வரவேற்பில் கேட்டால் படத்தைப் பார்த்துத் தலையாட்டினார்கள்.

நாத்தனாரின் யூனிட்டில் அடுப்பு இருந்தது, துவைக்கும் மெஷின் இருந்தது. பிள்ளைகள் தூங்கிய பிறகு நாங்கள் இருவரும் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்காரப் பால்கனி இருந்தது. ஹோட்டலில் பிள்ளைகள் எட்டரைக்குத் தூங்கினால் நாமும் எட்டரைக்கு இருட்டில் படுக்க வேண்டும், இல்லையென்றால் குளியலறையில் உட்கார்ந்து படிக்க வேண்டும். இரண்டையும் செய்திருக்கிறேன்.

அதனால் "இரவுக்கு எவ்வளவு" என்று மட்டும் பார்த்தால் போதாது. அடுப்பு, மெஷின், நடுவில் ஒரு கதவு. இந்த மூன்றுக்கும் நான் பணம் கொடுப்பேன். 25 வருடத்துக்கு ஒப்பந்தம் போட்டுத்தான் அவை கிடைக்க வேண்டுமா என்பதில்தான் சந்தேகம். அடுப்புள்ள வாடகை அபார்ட்மென்ட் இருக்கிறது. ஹோட்டலிலும் இணையத்தில் பதிவதோடு விடாமல் போன் செய்து "உள்ளே கதவு இருக்கிற இரண்டு அறை வேண்டும்" என்று கேட்டால் பல இடங்களில் தருகிறார்கள். மாடிப்படிப் பஞ்சாயத்துக்குப் பிறகு நான் கேட்காமல் பதிந்ததில்லை.

மே 11

என் பெண்ணுக்குப் போன வாரம் 8 வயது முடிந்தது. விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று கேட்டேன். அத்தை வீட்டு ரிசார்ட் என்றாள். அவளுக்கு அத்தை என்றால் என் நாத்தனார். அங்கேதான் போயிருக்கிறோமே, புது இடம் போகலாம் என்றேன். "எனக்கு அந்தக் குளத்துப் படி எங்கே இருக்கு, எங்கே ஆழம்னு தெரியும். புது இடத்துல தெரியாது" என்றாள்.

இதை நான் யோசித்ததே இல்லை. ஒரே இடத்துக்குப் போவது சலிப்பு என்று ஏப்ரல் 19ல் எழுதினேன். சலிப்பு நமக்கு. அவர்களுக்கு அதுதான் விடுமுறை. போன தடவை பார்த்த பூனை இந்தத் தடவையும் இருக்கிறதா என்று போய்ப் பார்க்க வேண்டும்.

அதனால் டைம்ஷேர் பக்கம் ஒரு மதிப்பெண் போட்டேன். போட்டுவிட்டு, இந்தப் பூனை ஆசை எத்தனை வயது வரைக்கும் என்று எண்ணினேன். இன்று 25 வருட ஒப்பந்தம் போட்டால் அது முடியும்போது இவளுக்கு 33. நம்மோடு குடும்பமாகக் கிளம்பி வருவது இன்னும் பத்துப் பன்னிரண்டு வருடம். அதிலும் கடைசி இரண்டு வருடம் போனைப் பார்த்துக்கொண்டு வருவாள்.

குடும்பத்துக்கு என்று சொல்லி விற்கிறார்கள், நாமும் அந்தப் படத்தை மனதில் வைத்துத்தான் வாங்குகிறோம்: சின்னப் பிள்ளைகள், வாளி, மணல். ஒப்பந்தம் பாதி ஓடும் முன்பே அந்தப் படம் கலைந்துவிடும். மிச்சக் காலத்துக்கு ஐந்து பேர் யூனிட்டில் நாங்கள் இருவர்.

கணக்கை இதற்கேற்ப மாற்றினேன். பன்னிரண்டு வருடம் இரண்டு அறை: 210. பிறகு 13 வருடம் நாங்கள் இருவர், ஒரே அறை, அதே 4 சதவீத ஏற்றத்தோடு: 186. மொத்தம் 396. டைம்ஷேர் கடன் இல்லாமலேயே 474. ஏப்ரல் 13ல் நான் ஒத்துக்கொண்ட தோல்வியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

மே 24

விற்றுவிடலாமே என்று எழுதியவருக்கு: யாரிடம்? "மாற்றச் செலவை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள், சும்மாவே தருகிறேன்" என்று இணையத்தில் விளம்பரம் கொட்டிக் கிடக்கிறது. புதிதாக விற்கும்போது விலையில் பெரும்பகுதி அந்தக் கூட்டத்துக்கும், கைதட்டலுக்கும், இலவசப் பெட்டிக்கும் போகிறது. கைமாறும்போது அதற்கெல்லாம் மதிப்பில்லை. என் இலவசப் பெட்டியின் சக்கரம் இரண்டாவது பயணத்தில் கழன்றது.

விற்றுத் தருகிறோம், விடுவித்துத் தருகிறோம் என்று தானாக வரும் போனை நம்பாதீர்கள். முதலில் கட்டணம் கட்டு என்றால் வைத்துவிடுங்கள். இது சின்னத் திருடர்கள் வேலை என்று நினைத்திருந்தேன். 2023ல் மெக்சிகோவின் ஹாலிஸ்கோ போதைக் கடத்தல் கும்பலுக்காக டைம்ஷேர் உரிமையாளர்களை ஏமாற்றிய ஆட்கள் மீதும் நிறுவனங்கள் மீதும் அமெரிக்க நிதித்துறை தடை விதித்தது. புவேர்ட்டோ வயார்ட்டா என்ற கடற்கரை ஊரை மையமாக வைத்து நடந்த மோசடி. வாங்க ஆள் ரெடி, வரி மட்டும் கட்டுங்கள் என்று கறப்பார்களாம்.

முடிவே இல்லாத ஒப்பந்தங்களும் உண்டு. ஸ்பெயினில் 1998 சட்டம் 50 வருடம்தான் உச்சம் என்றது. அதை மீறிப் போட்ட ஒப்பந்தங்கள் செல்லாது என்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் 2015ல் சொன்னது. பிள்ளைகளுக்குச் சொத்தாக வரும் என்று கூட்டத்தில் சொன்னால், பராமரிப்புக் கட்டணமும் கூடவே வருமா என்று கேளுங்கள். முடியும் தேதி எழுதியிருப்பது நல்லது. டிஸ்னியின் முதல் ரிசார்ட்டின் ஆரம்ப ஒப்பந்தங்களில் 2042 ஜனவரி 31 என்று தேதியே போட்டிருக்கிறது.

ஜூன் 3

தம்பிக்கு முன்பணம் திரும்பி வந்துவிட்டது! இலவசமாகக் கொடுத்த பெட்டியைத் திருப்பிக் கேட்கவில்லையாம். சக்கரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள் தம்பி.

இனி விடுமுறைக்கு என்ன செய்வது என்று கேட்கிறார். அடுப்பும் நடுக்கதவும் வேண்டும் என்றால், டைம்ஷேர் வைத்திருப்பவரிடம் அவர் வாரத்தை வாடகைக்கு எடுக்கலாம். போக முடியாத வருடம் பராமரிப்புக் காசாவது வரட்டும் என்று கொடுப்பவர்கள் உண்டு. இரண்டு விஷயம் பாருங்கள். பதிவு உங்கள் பெயருக்கு மாறியிருக்கிறதா என்று ரிசார்ட்டுக்கே போன் செய்து கேட்ட பிறகு பணம் கொடுங்கள். அந்த வாரம் அவருடைய சொந்த வாரமா, பரிமாற்றத்தில் எடுத்ததா என்றும் கேளுங்கள். பரிமாற்றத்தில் எடுத்ததை வாடகைக்கு விட ஆர்சிஐ அனுமதிப்பதில்லை. வாசலில் நிற்கவைத்துவிடுவார்கள்.

ஜூன் 15

இது வேடிக்கை. இந்த இழையை நாத்தனார் படித்திருக்கிறார். கம்பியைப் பற்றி எழுதியதற்குத் திட்டப்போகிறார் என்று பார்த்தால், "எங்கள் பசங்கள் காலேஜ் போய்விட்டார்கள், நாங்கள் போய் இரண்டு வருடமாகிறது. நீயே வைத்துக்கொள், சும்மா எழுதித் தருகிறேன்" என்கிறார்.

கணக்கைத் திறந்தேன். முதல் விலை பூஜ்யம். இந்த வருடப் பராமரிப்பு, என் அறைவாடகை அளவில் 6. எதிரே ஹோட்டல் 14. பாதிகூட இல்லை. ஒப்பந்தத்தில் மிச்சம் 11 வருடம். பெண்ணுக்கு 8. முடியும்போது 19. பூனை இருக்கும் வரைக்கும் ரிசார்ட்டும் இருக்கும்.

இரண்டு மாதமாக எதற்கு எதிராக எழுதினேனோ அதுவே என் கைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி வந்து நிற்கிறது. என் கணவர் ஒன்றும் சொல்லவில்லை. பேனாவைத் திறந்து மேசைமேல் வைத்தார்.

ஜூன் 18

எழுதி வாங்கும் முன் நாத்தனாரின் கணக்கில் நுழைந்து அடுத்த வருடப் பள்ளி விடுமுறைக்கு ஒரு வாரம் பிடித்துப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். எல்லா வாரமும் மங்கலாக இருந்தது, அழுத்த முடியவில்லை. நிரம்பிவிட்டது என்று நினைத்தேன். அப்புறம்தான் ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தைப் படித்தேன். வெள்ளைச் சீசன். பள்ளி விடுமுறை மொத்தமும் சிவப்பு. அந்த வாரங்களைக் கேட்கும் உரிமையே இதில் இல்லை.

நாலு நாள் லீவு சொல்லிவிட்டுப் போனோமே, ஏன் போனோம் என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை. நாத்தனார் பிள்ளைகள் பள்ளியில் இருந்த வருடங்களில் எத்தனை தடவை போனார்கள் என்று இப்போது கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "நாலு" என்றார்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பெண்ணிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜூன் 21

அத்தை சாப்பாட்டு மேசையில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார் போல. "பள்ளிக்கூடம் உங்க பிள்ளைகளுக்குத்தானே, எனக்கு ஏது?" என்றார். மகளுக்கு, அதாவது என் நாத்தனாருக்கு, அவரே போன் போட்டு நவம்பரில் ஒரு வாரம் கேட்டு வாங்கிவிட்டார். அவரும் தோழிகள் மூவரும். யூனிட் 4/2. சோபாவில் யார் படுப்பது என்று நேற்றிலிருந்து போனில் சண்டை நடக்கிறது.